கேட்டா இல்லைன்னு சொன்னதில்லீங்க

இப்பிடி வந்து உக்காருங்க அம்மிணி, அங்க வெயில் ஏறும். பாப்பாவை நடுவுல உக்கார வெச்சுக்குங்க. இவன் ஒண்ணும் பண்ண மாட்டான். எந்தம்பிதான், பேரு திருமூர்த்தி. முப்பது தாண்டிருச்சு, பாத்தாத் தெரியாது. மூர்த்தி, காலை மடக்கு, பாப்பாவுக்கு எடம் உடு. அவ்வளவுதான். சொன்னாக் கேட்டுக்குவான்.

டோக்கன் வாங்கிட்டீங்கல்ல? அப்ப அவசரமே இல்லை. டாக்டருங்க இன்னும் டீயே குடிச்சு முடிக்கலை. இந்த ஊனமுற்றோர் அட்டை முகாமுக்கு நீங்க புதுசுன்னு பாத்தாலே தெரியுதுங்க. பாப்பாவுக்குத் தலை சீவி, பூ வெச்சு, நோம்பிக்குக் கெளம்பறாப்புல பட்டுப்பாவாடை கட்டிக் கூட்டியாந்திருக்கறீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, இப்பிடிக் கொண்டாந்து நிறுத்தினா ஊனப் பர்சன்டேஜ் எங்கீங்க ஏறும்? நாப்பதுக்குக் கீழ போட்டுட்டாங்கன்னா அந்த அட்டையை வெச்சு விசிறிக்க வேண்டியதுதான். உதவித்தொகை வராது, ஒரு மண்ணும் வராது. இவனைப் பாருங்க. வேணும்னேதான் சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக் கூட்டியாந்தேன். அதெல்லாம் நமக்கு யாருங்க சொல்லிக் குடுப்பா? பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

பாப்பாவுக்கும் ஆட்டிசம்தானா? அந்த வார்த்தை என்ற வாயில நுழையறதுக்கே பல வருசமாச்சுங்க. எங்கம்மாவுக்குச் சாகற வரைக்கும் நுழையலை. "அவன் அப்படித்தான்"னு சொல்லுவா. அவ வெச்ச பேரு அதுதான்.

எனக்குச் சமையல் காண்ட்ராக்டுங்க. அந்தியூருப் பக்கம் சமையக்காரர் சென்னியப்பன்னு கேட்டுப் பாருங்க, எந்த மண்டபத்துலயும் சொல்லுவாங்க. பந்தியில ஒருத்தன் உக்காந்திருக்கறான்னு வெயிங்க. அவன் வாயைத் தொறந்து கேக்கவே வேண்டாம். மூஞ்சியைப் பாத்தே, இவனுக்கு இன்னொரு கரண்டி சாம்பார் வேணும், இவனுக்கு இனிப்பு ஒப்புட்டு போதும்னு சொல்லிருவேன். என்ற தொழிலே அதுதானுங்க. பசியைக் கண்டுபிடிக்கறது. அதுல என்னைய ஒருத்தன் ஏமாத்த முடியாது.

போன பங்குனியில அம்மா போயிட்டா. அதுவரைக்கும் இவன் அவ பொறுப்பு. மூணு வேளையும் அவதான் போடுவா. எப்படிங்கறீங்க? முன்னால வந்து நிப்பா, "சாப்புடறயா கண்ணு?"ம்பா. இவனும் அவ மூஞ்சியைப் பாக்காம, செவுத்தைப் பாத்துட்டு, "சாப்புடறயா கண்ணு?"ம்பான். அதே கொரலு, அதே இழுப்பு. அப்பறம் ரெண்டு பேரும் அடுப்படிக்குப் போவாங்க. சில நாளு இவனே மொதல்ல போயி அம்மாகிட்டக் கேப்பான். அவ சிரிச்சுட்டே எந்திரிச்சுப் போயித் தட்டைக் கழுவுவா. என்னமோ ஆத்தாளும் மகனும் வெளையாட்டுன்னு நாங்க கண்டுக்க மாட்டோம்.

அம்மா காரியமெல்லாம் முடிஞ்சு ஒறம்பரை சனமெல்லாம் ஊருக்குப் போனாங்க. வீடு வெறிச்சுன்னு கெடக்குது. நான் கட்டல்ல உக்காந்திருக்கறேன். இவன் வந்து முன்னால நின்னான். "சாப்புடறயா கண்ணு?"ன்னான்.

எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. நெசமாத்தான் சொல்றேன். ஊருக்கே சமைச்சுப் போடறவனை, நீ சாப்புட்டயான்னு கேக்க ஒரு நாதியில்லை. என்ற சம்சாரம் சரசு நல்லவதான், ஆனாக் கேக்க மாட்டா. கேக்க இருந்தது அம்மா ஒருத்தி, அவளும் போயிட்டா. அந்த எடத்துல நின்னுட்டு இவன் கேக்கறான் பாருங்க. "ஆச்சுடா மூர்த்தி, இப்பத்தான் ஆச்சு, நீ போயிப் படு"ன்னேன். போக மாட்டீங்கறான். மறுக்காக் கேக்கறான். ஆச்சுங்கறேன். மறுக்காவும் கேக்கறான். உபசாரம்னா அதுதானுங்க உபசாரம். ஒருக்காக் கேட்டுட்டு ஒதுங்கறது உபசாரமா?

அதுக்குன்னு அவனைப் பட்டினி போட்டோம்னு நெனச்சுராதீங்க. சரசு மொதல் நாளே சொல்லிட்டா. "வளந்த ஆளு. அத்தையாட்டப் பின்னாலயே தட்டைத் தூக்கிட்டுத் திரிய என்னால ஆகாது. வேணும்னா வாயைத் தொறந்து பசிக்குதுன்னு கேக்கட்டும். கேட்டா நான் இல்லைன்னா சொல்றேன்?" நாயம்தானுங்களே? எங்க வீட்டுல கேட்டா இல்லைன்னு சொன்னதே கிடையாது. பிச்சைக்காரன் கேட்டாலும் கிடையாது. இவன் கேக்கறதில்லை. என்ன பண்றது? பொழுது சாஞ்சதும் சட்டியில மீந்ததைத் தட்டுல போட்டு வெச்சிருவா. தட்டு கழுவி வெச்சாப்புல இருக்கும். அம்மா நெனப்புல ஆளு எளைச்சுப் போயிட்டான். நாமதான் மறந்துட்டு மறந்துட்டுத் திரியறோம். இவனுக்கு மறக்கலை பாருங்க.

அட, பாப்பா என்னமோ கேக்குதே! "தண்ணி வேணுமா தங்கம்?"ங்குது. ஆகா, அம்மாளை விசாரிக்குது பாருங்க. இவனாட்டவே! ஏனுங்க, உங்களைத்தானே கேட்டுது, நீங்க எதுக்கு அதும் வாயில பாட்டலை வெக்கறீங்க? அடேங்கப்பா, குடிக்குது பாருங்க மடமடன்னு. சரி சரி, வெயில் அப்பிடி அடிக்குது.

என்ன, சொல்லுங்க? இல்லை, சித்த இருங்க, நான் சொல்லி முடிச்சுக்கறேன். விட்டா மறந்துருவேன்.

வீட்டோட நிக்கலைங்க இந்த உபசாரம். தெருவுல எறங்கிட்டான். பால்காரன் போனா, "சாப்புடறயா கண்ணு?" கேஸ் சிலிண்டர் கொண்டாந்தவனை, "சாப்புடறயா கண்ணு?" கவுன்சிலர் போறாரு, அவரையும் கண்ணுங்கறான். ஒருத்தரும் கோவிச்சுக்கலை. "ஆச்சு கண்ணு, ஆச்சு"ன்னு சிரிச்சுட்டுப் போவாங்க. சோத்துக்குக் கூப்புடறவனை யாருங்க கோவிச்சுக்குவா? அன்னதானம்னே பேரு வெச்சுட்டாங்க. டீக்கடைக்குப் போனா, "என்ன அன்னதானம், இன்னிக்கு உங்கூட்ல என்ன கொழம்பு?"ன்னு கேப்பாங்க. இவன் அங்கயே நின்னு திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருப்பான். வடைத் தட்டு முன்னாடி நின்னு கேப்பான். அவங்க ஆச்சு ஆச்சும்பாங்க. ஒரே சிரிப்பு. நம்ம குடும்பத்துக்கு ஒரு நல்ல பேருதானுங்களே.

எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. வைகாசியில ஒரு பெரிய முகூர்த்தம், கவுண்டரு வீட்டுக் கல்யாணம். இவனுக்கு வேட்டி சட்டை போட்டு, நெத்தியில திருநீறு பூசி, சாப்பாட்டு ஹால் வாசல்ல நிறுத்திட்டேன். கேக்கணுமா? வர்றவங்களையெல்லாம் கேக்கறான். அந்தக் கொரல்ல கேட்டா வேண்டாம்னு யாருங்க போவா? பொண்ணு வீட்டுக்காரரே என்ற கையைப் புடிச்சுட்டாரு. "சென்னியப்பா, காசு குடுத்தாலும் இப்படி ஒரு ஆளு வரவேற்புக்குக் கெடைக்காது"ன்னாரு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. பந்தி மேல பந்தி ஓடுது, இவன் எடத்தை உட்டு நகரலை, வாயி ஓயலை. நடுப்பகல் தாண்டியும் அதே கேள்வி. கொரலு கம்மிப் போச்சு, அப்பவும் உடலை.

கடைசிப் பந்தி முடிஞ்சு பாத்தா ஆளைக் காணோம். எங்கங்கறீங்க? பின்னால, எலை கொட்டற எடத்துல. ஊரு தின்ன எச்சல் எலையை விரிச்சு வெச்சு, அதுல மீந்து கெடந்த ஒப்புட்டை எடுத்துத் தின்னுட்டு இருக்கறான். கவுண்டரு வீட்டுப் பொம்பளைங்க மூக்கைப் பொத்திட்டுப் பாக்கறாங்க. என்ற மானம் எங்க போச்சுன்னு நெனச்சுப் பாருங்க. கரண்டியாலயே ரெண்டு சாத்துனேன். "ஏண்டா, சமையக்காரன் தம்பிக்குச் சோத்துக்கா பஞ்சம்? அண்ணா, எனக்கு ஒரு எலை போடுன்னு கேட்டிருந்தா நான் இல்லைன்னா சொல்லியிருப்பேன்?"னு கேட்டேன். அடி வாங்கிட்டே என்ன கேக்கறாங்கறீங்க? "சாப்புடறயா கண்ணு?"ங்கறான். அந்த எச்சலை எனக்கு நீட்டறான்னு நெனச்சுட்டேன். இன்னும் ரெண்டு போட்டேன்.

ஆனா பாசக்காரங்க. அதையும் சொல்லணும். ஆனி மாசம் எனக்கு மூட்டுவலி, எந்திரிக்க முடியலை. நான் வாயைத் தொறந்து ஒருத்தர்கிட்டச் சொல்லலை. இவன் வந்து என்ற கையை எடுத்து அவன் கன்னத்துல வெச்சுக்கிட்டு, "வலிக்குதா கண்ணு?"ன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எப்படீங்க தெரியும் இவனுக்கு? "ஆமாண்டா மூர்த்தி, வலிக்குதுடா"ன்னேன். அழுவறான். எனக்காவ அழுவறானுங்க! தேம்பித் தேம்பி. ஒரு வாரம் விடிஞ்சா வந்து அதே கேள்விதான், அதே அழுகைதான். அண்ணன் மேல இப்படி உசுரை வெச்சிருக்கற தம்பி எத்தனை பேருக்குக் கெடைப்பான்? அந்தச் சமயம் பாத்து அவனுக்கும் கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்துச்சு. பூச்சி கீச்சி கடிச்சிருக்கும். அது தானா ஒடைஞ்சு சீழா வந்துச்சு, சரியாப் போச்சு. என்ற மூட்டுவலிதான் போகலை.

இப்ப வயித்தெரிச்சல் கதைக்கு வர்றேன். அட்டையைப் புதுப்பிக்கணும், ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னு காயிதம் வந்துச்சு. இதே மாதிரி ஒரு முகாம். உள்ள போனோம். ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, மேசையில பாதி தின்ன பன்னு இருக்குது. "உங்க பேரு என்ன?"ன்னு இவனைக் கேக்கறாங்க. இவன் பேரைச் சொல்லலை. பன்னைப் பாக்கறான், டாக்டரம்மாவைக் கேக்கறான், "சாப்புடறயா கண்ணு?"

அந்தம்மா மூஞ்சி மலந்து போச்சு. "அட, பரவாயில்லையே! நான் சாப்பிட்டேன் சார். நீங்க சாப்ட்டாச்சா?"ன்னாங்க. இவன், "சாப்ட்டாச்சா"ன்னான். "குட்"ன்னு எழுதிக்கிட்டாங்க. எனக்கும் பெருமை தாங்கலை. "ஊரையே விசாரிப்பான் டாக்டர். கல்யாணத்துல வரவேற்புக்கே இவன்தான்"னு எடுத்து உட்டேன். நல்லதைச் சொன்னா நல்லது நடக்கும்னு நெனச்சேன். அந்தம்மா எல்லாத்தையும் எழுதறாங்க. அடுத்தவங்க பசியைக் கேட்டு விசாரிக்கறாரு, கேள்விக்குப் பதில் சொல்றாரு, பத்துப் பேரு நடுவுல நின்னு வேலை செய்யறாரு. "நல்ல முன்னேற்றம், சந்தோசமாப் போயிட்டு வாங்க"ன்னாங்க. சந்தோசமாத்தான் வந்தோம். அப்பறம் பாத்தா நாப்பதுக்குக் கீழ போட்டுட்டாங்க. உதவித்தொகை நின்னு போச்சு.

அந்தப் பணத்துல நான் ஒண்ணும் மாடி கட்டலீங்க. வீட்டுக்குத்தான் செலவாச்சு, வீட்டுலதானே அவனும் இருக்கறான்? மொபெட்டுக்குத் தவணை கட்டினேன், அதுவும் இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான். இன்னிக்கு அது சரசுக்கு வேணும்னுட்டா, அதனால பஸ்ஸுல வந்தோம்.

அவன் நல்ல கொணமே அவனுக்கு எதிரியாப் போச்சு பாத்தீங்களா? உபசாரம் பண்ணுனதுக்குத் தண்டனை! ரோசிச்சுப் பாத்தேன். மனு குடுத்து மறு பரிசோதனைக்கு நாள் வாங்கிட்டோம். ஆனா உள்ள போயி இவன் மறுக்கா டாக்டரைச் சாப்புடறயா கண்ணுன்னா என்ன ஆகும்? அதே மார்க்குதான். அதனால அந்தப் பேச்சை நிறுத்தியாகணும். நல்லபடியாச் சொல்லிப் பாத்தேன், கேக்கலை. அப்பறம் வேற வழியில்லாம, அவன் "சாப்பு"ன்னு ஆரம்பிச்சா வாய் மேல ஒண்ணு. பலமா இல்லீங்க, தட்டறதுதான். நான் வேலைக்குப் போயிட்டா சரசு பாத்துக்குவா. மொதல்ல ஒண்ணும் புரியலை அவனுக்கு. அடி வாங்கிட்டு இன்னும் சத்தமாக் கேட்டான். அம்மா போட்டோ முன்னாடி போயி நின்னு கேட்டான். அங்க வெச்சும் ஒண்ணு குடுத்தேன். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. அம்மா பாத்துட்டு இருக்கறாப்புலயே இருந்துச்சு. ஆனா அவனுக்காவத்தானே பண்றோம்?

ஆடி முடியறதுக்குள்ள நின்னு போச்சுங்க. சுத்தமா! வலிக்குதா கண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை. வாயே தொறக்கறதில்லை. தெருவுல, "என்ன அன்னதானம், மறந்துட்டயா?"ன்னு கேக்கறாங்க. குனிஞ்சுட்டுப் போயிருவான். இப்பவெல்லாம் தட்டு வெச்சாக்கூட நாமளாக் கையைப் புடிச்சு வெக்கணும். பசியும் கொறைஞ்சு போச்சாட்டத் தெரியுது. இன்னிக்கு வெடியால இருந்து ஒண்ணும் குடுக்கலை, இங்க கக்கூஸ் வசதி இல்லை பாருங்க. கேட்டானா? கேக்கலை.

உள்ளதைச் சொன்னா, எனக்குத்தான் வீட்டுல ஒரு மாதிரி இருக்குது. மண்டபத்துல இருந்து வந்து உக்காந்தா, சாப்புட்டயான்னு கேக்க ஆளில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு நானும் பழகிட்டேன் போல.

ஏனுங்க அம்மிணி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு? என்ன சொல்றீங்க? யாருக்குப் பசி? பாப்பா தண்ணி வேணுமான்னு கேட்டா அதுக்குத் தண்ணி வேணும்னு அர்த்தமா? சரி, இருக்கட்டும், அது கொழந்தை. இவனும் அப்படியா? இவன் ஊரையெல்லாம் கேட்டது அவனுக்கு...

இல்லீங்க.

ஏனுங்க, ஊரே பதில் சொல்லுச்சே! அத்தனை பேரும் ஆச்சு ஆச்சுன்னாங்களே. டாக்டரம்மா, அதுக்குன்னே படிச்சவங்க, அவங்களே நான் சாப்பிட்டேன்னாங்க. ஊருக்கும் டாக்டருக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா? அப்பிடிப் பாத்தா அந்த வலிக்குதான்னு கேட்டது... அந்தக் கன்னம்... இல்லீங்க. அது எனக்குக் கேட்டது. என்ற மூட்டுவலிக்குக் கேட்டான். அதையும் பிடுங்கிக்காதீங்க. என்ற தம்பி என்னையக் கேட்டான், எனக்காவ அழுதான். அதுக்கு நான் சாட்சி. நீங்க இன்னிக்குத்தான் இவனைப் பாக்கறீங்க.

கோவமில்லீங்க. கோவமெல்லாம் ஒண்ணுமில்லை. எதுக்கு இப்ப டிபன் பாக்ஸைத் தொறக்கறீங்க? இட்லியா? பாப்பாவுக்குக் கொண்டாந்ததை இவனுக்கு எதுக்குங்க? அவன் வாங்க மாட்டான், சொன்னாக் கேளுங்க. சரி, கேட்டுத்தான் பாருங்களேன். வேணும்னா வேணுங்கட்டும். நான் என்ன வேண்டாங்கவா போறேன்?

அட.

பாத்தீங்களா? பாத்தீங்களா அம்மிணி? நீங்க "சாப்புடறயா கண்ணு?"ன்னு வாயெடுத்தீங்க, தன் கையாலயே தன் வாய் மேல அடிச்சுக்கறான்! நான் கையைத் தூக்கினனா? தூக்கலையே. இட்லியைப் பாக்கறான், அடிச்சுக்கறான். பாக்கறான், அடிச்சுக்கறான். இத்தனை நாளு இது எனக்கே தெரியாதுங்க. வீட்டுல அந்த வார்த்தையை அவன்கிட்ட யாரு சொன்னா? போதும்டா மூர்த்தி, ஒதடு கிழிஞ்சுரும். எச்சலைத் தொடை. நீங்க எதுக்குங்க அழுவறீங்க? நல்ல சமயத்துல நல்லதுதானே நடந்திருக்குது.

இந்தா, திருமூர்த்தின்னு கூப்புடறாங்க. எந்திரிடா. இட்லியை மூடி வெயிங்க அம்மிணி, இப்பக் குடுக்காதீங்க. எல்லாம் முடிஞ்சு வந்து தின்னுக்குவான். ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. பாப்பாவையும் கையில புடிச்சுக்குங்க, எங்ககூடச் சித்த உள்ள வாங்க. டாக்டரு முன்னால, இப்பக் கேட்டீங்களே அதே மாதிரி, அதே கொரல்ல, ஒரே ஒருக்கா அவனைக் கேளுங்க. எங்கம்மா கொரலாட்டவே இருந்துச்சுங்க. அவன் இப்படி ரெண்டு அடி அடிச்சுக்கிட்டான்னா போதும், எழுபத்தஞ்சுக்குக் கொறையாமப் போட்டுருவாங்க.

கையெடுத்துக் கும்புட்டுக் கேக்கறேன். நான் கேட்டு நீங்க இல்லைன்னு சொல்லக் கூடாது.